நூற்றுப் பதினான்காம் இலக்கக் குழாயில் இருப்பது என் மகனின் இரத்தம்

அனுப்புநர்:
பெ. பாக்கியலெட்சுமி, வயது 74,
7ஆம் லயம், மேற்பிரிவு,
நெல்லிமலைத் தோட்டம்,
கொஸ்லந்த.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
மாகாண சுகாதார சேவைகள் திணைக்களம்,
ஊவா மாகாணம், பதுளை.

பொருள்: பார்க்கின்சன் என்னும் நடுக்க நோயை இரத்தத்தில் கண்டறியும் பரிசோதனையில் இரண்டு பேரின் இரத்தம் மாறிப்போனது பற்றியும், என் மகனை நரம்பு மருத்துவர் நேரில் பார்க்க வேண்டியும்.

பெருமதிப்புடைய ஐயா அவர்களுக்கு,

1. இந்த வருடம் மார்ச் 15, சனிக்கிழமை காலை, வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவில், இரத்தம் எடுத்த கடைசி நேரத்தில் உள்ளும் வாசலுமாக இருந்தவர்கள் இவர்கள்: கொழும்பிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த மருத்துவர் கேசினி அம்மா, இரத்தம் எடுத்த தாதி ரிஸ்கா, தோட்ட மருந்தகப் பொறுப்பாளர் நிஷாந்த் ஐயா, பெயர்ப் புத்தகத்தோடு கிளாக்கர் சிவராசா ஐயா, தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் வேலை செய்யும் இன்பாஸ், என் மகன் முருகையா, நான். இவர்களில் யாராவது அன்று அங்கே இல்லை என்று சொன்னால், அவர் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார் என்று நான் சொல்லுவேன்.

2. என் மகனுக்கு 52 வயது. ஸ்டோரில் இருபத்தெட்டு வருடம் இருந்தான். அரைத்த கொழுந்து புளிக்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்று, பச்சை வாசம் போய்ப் பழ வாசம் வரும் நிமிடத்தில் அடுப்புக்குத் தள்ளச் சொல்லுவது அவன் வேலை. அதற்கு மூக்குத்தான் வேண்டும். 2019இல் அந்த மூக்கு செத்தது. கொரோனா அதற்கு அடுத்த வருடம்தான் வந்தது, ஆகையால் கொரோனா என்று யாரும் எழுத வேண்டாம். வீட்டில் கருவாடு கரியாகும் வரை அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். ஸ்டோரில் ஒரு நாள் கொழுந்து முழுவதும் புளித்துக் கெட்டது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா அத்தனை பேர் முன்னால் அவன் வாயை மோந்து பார்த்து, "குடிச்சிட்டு வந்து நிக்கிறான்" என்று மலை வேலைக்கு அனுப்பினார். என் மகன் தீபாவளிக்குக்கூடத் தொடாதவன். அந்த ஐயா மோந்தது இஞ்சித் தேத்தண்ணி.

3. எங்கள் தோட்டத்தில் ஆளுக்கு ஓர் இலக்கம் உண்டு. வேலை மாறினால் இலக்கமும் மாறும், பழைய இலக்கம் அந்த இடத்துக்கு வருகிறவனுக்குப் போகும். என் மகனின் 114 இன்பாசுக்குப் போனது. என் மகனுக்கு மலையில் 362 கொடுத்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் 362 என்று கூப்பிட்டால் அவன் இன்றைக்கும் வாய் திறந்து பதில் சொல்ல மாட்டான். போய் நிற்பான், அவ்வளவுதான்.

4. மூன்று வருடமாக வலது கை சும்மா இருக்கும்போது நடுங்குகிறது. முகம் மரப்பலகை மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு வந்தவர்கள், நடுக்கம் உள்ளவர்களிடமும் அதே வயதுள்ள சுகமான ஆட்களிடமும் இரத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்கள். சுகமானவர்கள் வரிசையில் இன்பாஸ் நின்றான். கேசினி அம்மா எங்களிடம் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன்: "இது இன்னும் ஆராய்ச்சிதான் அம்மா. இரத்தத்தில அடையாளம் இல்லையெண்டு வந்தாலும் நோய் இல்லையெண்டு சொல்லேலாது. ஆளை நேரில பாக்கத்தான் வேணும்." நிஷாந்த் ஐயா பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார்.

5. குழாயில் பெயர் ஒட்டவில்லை, இலக்கம் மட்டும் ஒட்டினார்கள். தாதி கேட்டபோது என் மகன் நிமிர்ந்து உட்கார்ந்து, "நூத்திப் பதினாலு" என்றான். பல மாதம் கழித்து அவன் குரல் அன்றுதான் தெளிவாகக் கேட்டது. அவன் வெளியே போனபின் இன்பாஸ் வந்து அதையே சொன்னான். ரிஸ்கா, "அண்ணே, அந்த நம்பர் இப்பதானே போச்சு" என்று கையை நிறுத்தினாள். சிவராசா ஐயா புத்தகத்தில் விரலை ஓட்டினார். பனிக்கட்டிப் பெட்டி உடனே ஏற வேண்டும் என்று சாரதி ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். "மிச்சம் கிடக்கிறது முந்நூற்று அறுபத்திரண்டு ஒண்டுதான், அதை ஒட்டுங்கோ" என்றார் சிவராசா ஐயா. ஒட்டினார்கள். பெட்டி போய்விட்டது.

6. மே மாதம் கடிதம் வந்தது. 114க்கு நோயின் அடையாளம் உண்டு, பதுளையில் நேரில் பரிசோதிக்க வேண்டும். 362க்கு அடையாளம் இல்லை. புத்தகத்தில் 114 இன்பாஸ், 362 என் மகன். நிஷாந்த் ஐயா என் மகனின் கிளினிக் அட்டையில் "மதுவினால் நடுக்கம்" என்று எழுதினார். பதுளைக்குக் கடிதம் கேட்டேன். "ரத்தமே சொல்லிருச்சே பாட்டி, மொதல்ல ஒங்க மகனக் குடிய நிறுத்தச் சொல்லுங்க" என்றார். இலக்கம் மாறிய கதையை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்து, "அத அன்னைக்கே சொல்லிருக்கலாமே" என்றார். கிளாக்கரிடம் போனேன். "என்ர புத்தகத்தில பிழையில்லை" என்றார். புத்தகத்தில் பிழை இல்லைதான் ஐயா. பிழை குழாயில் இருக்கிறது.

7. இன்பாசை இயந்திரத்துக்குப் பக்கத்தில் விடுவதில்லை, தரை கூட்ட விட்டிருக்கிறார்கள். பதுளையில் பார்த்த மருத்துவர் ஒன்றும் தெரியவில்லை, ஆறு மாதம் கழித்து வா என்றாராம். பயத்தில் அவன் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொள்கிறான். இப்போது அது நடுங்குகிறது. அவன் வீட்டோடு எனக்கு ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. இருந்தாலும் இல்லாத நோயை அவன் தலையில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

8. எங்கள் வாசலிலிருந்து தண்ணீர்ப் பீலிக்கு என் மகனுக்கு முன்பு நாற்பது அடி. கடிதம் வந்த அன்று அறுபத்திரண்டு. இன்று காலை எழுபத்தொன்று. பீலியும் நகரவில்லை, வாசலும் நகரவில்லை. அவன் காலடிதான் சுருங்குகிறது. எனக்கு உட்கார முடியவில்லை, அவன் பின்னாலேயே எண்ணிக்கொண்டு நடக்கிறேன். ஆகையால் விசாரித்து முடிவு சொல்கிறோம் என்று ஒரு தாள் அனுப்பிவிட்டு இருந்துவிட வேண்டாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். இந்த மாதத்துக்குள் பதுளை நரம்பு மருத்துவர் என் மகனை நடக்கவிட்டு, கையைப் பிடித்து, வாசம் தெரிகிறதா என்று மூக்கில் எதையாவது வைத்துப் பார்க்க வேண்டும்; இந்த நோயில் மூக்குத்தான் முதலில் போகுமாம். இரண்டு பேரிடமும் திரும்ப இரத்தம் எடுத்து, தோட்ட இலக்கத்தை விட்டு, அடையாள அட்டையைப் பார்த்துப் பெயர் ஒட்ட வேண்டும். கேசினி அம்மாவுக்கு இந்த மாற்றத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும். பிழையான இரத்தத்தை வைத்து அவர்கள் நல்ல பரிசோதனை கண்டுபிடிக்க முடியாது. என் மகனின் அட்டையில் உள்ள "மது" என்ற சொல்லை, எழுதியவரே அடிக்க வேண்டும்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று கேட்ட நிஷாந்த் ஐயாவுக்கு நான் பதில் சொல்லவில்லை. தங்களிடம் சொல்கிறேன். 362ஐ ஒட்டும்போது நான் மூன்று அடி தூரத்தில் நின்றேன். அது யாருடையது என்று அந்த அறையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. என் மகனின் இடத்தை வாங்கியவன்தானே, குளறுபடியாகி இவனும் கொஞ்சம் அலையட்டும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அது என் மகனைச் சுற்றிக்கொள்ளும் என்று யோசிக்கவில்லை.

டீமேக்கர் ஐயாவையும் கிளாக்கர் ஐயாவையும் நிஷாந்த் ஐயாவையும் நான் மறக்க மாட்டேன். மேலே கேட்டவை நடந்தால் மன்னித்துவிடுவேன். எது நடந்தாலும் நான் மன்னிக்கப் போகாத ஆள் ஒருத்திதான். அவள் பெயரைக் கீழே என் கையால் எழுதுகிறேன்.

திகதி: 2025.06.23
இடம்: நெல்லிமலைத் தோட்டம், கொஸ்லந்த

பெ. பாக்கியலெட்சுமி