பிரேக்கை மிதிக்காமல் மலை இறங்குவது

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சின்னவனும் நலம், வீட்டு வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லை, அது ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம். உன் முழங்கை வீக்கம் வற்றியதா, குளிருக்கு அந்தக் கம்பளிச் சட்டையைப் போடுகிறாயா, இல்லை பெட்டியிலேயே மடித்து வைத்து அழகு பார்க்கிறாயா. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு நிதானமாகப் படித்துக்கொள். உன் மருத்துவ நிலையத்துக்கு எந்த வண்டி வேண்டும் என்று கேட்டிருக்கும் படிவத்தில் முதல் வண்டிக்கு எதிரே பென்சிலால் குறி போட்டு வைத்திருக்கிறேன் என்றாயே, அதன் மேல் பேனா வைத்துவிடாதே. போன வாரம் போனில் நான் சொன்னது தவறு. முழுத் தவறும் இல்லை, பாதித் தவறு, எந்தப் பாதி என்பதை ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே பார்த்துவிட்டேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் மேட்டில் சிக்னல் மூன்று நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்பதே பெரிய காரியம், இது மூன்று நிமிடத்தில் முடிகிற விஷயம் இல்லை. வியாழக்கிழமை மேலே ஏறும் மருந்து லாரியில் இது உன் கைக்கு வந்துவிடும், படிவம் வெள்ளிக்கிழமைதான் போக வேண்டும் என்பதைக் கேட்டு வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நீ கேட்டது சின்னக் கேள்விதான். பட்டியலில் இரண்டு வண்டி. முதலாவது நம் வீட்டில் நிற்கிற அதே எஸ்யூவி, நான்கு சக்கரமும் இழுக்கும், மெத்தென்று இருக்கை, கை வைத்த இடமெல்லாம் பொத்தான், ஆனால் லோ கியர் கிடையாது. இரண்டாவது பழைய அமைப்பு, பத்து நிமிடம் உட்கார்ந்தால் நம் எலும்பை நாமே எண்ணிவிடலாம், ஆனால் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பி இருக்கும், அதைப் போட்டால் எஞ்சின் எவ்வளவு சுற்றினாலும் வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிடும், அதுதான் லோ. இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிச் சுற்ற வைக்கிற லாக் இரண்டிலுமே இல்லை, இரண்டாவதில் கேட்டால் மாட்டித் தருவார்கள், அதற்கு நான்கு மாதம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். இவ்வளவையும் நீ மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, "எதும்மா எடுக்கட்டும்?" என்றாய். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "லோவும் வேணாம் லாக்கும் வேணாம், ஓட்டுறவ கையும் காலும் ஒழுங்கா இருந்தா போதும், நம்ம வண்டியவே எழுது" என்றேன். இருபத்தாறு வருடமாக டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், தானாக வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து உன் மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் வண்டியைப் பற்றி உனக்குத் தெரியும், லோ உண்டு, முன்னாலும் பின்னாலும் லாக் உண்டு, இழுத்துக் கட்டக் கம்பிவடம் உண்டு, ஏணி உண்டு, ஏணியில் ஏறி என்ன செய்வான் என்று அவனுக்கே தெரியாது. போனை வைத்ததும் பிடித்துக்கொண்டான். "அக்கா, நீ தெருவுல ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் குடுக்குற ஆளு, மலையப் பத்தி உனக்கென்ன தெரியும்? பொண்ணு அங்க நோயாளிய ஏத்திட்டு இறங்குறா, நீ பாட்டுக்கு வாய்க்கு வந்தத சொல்ற" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் வண்டி நெத்தியில இருக்குற லைட்ட வச்சு ஒரு மைதானத்துக்கே வெளிச்சம் போடலாம், ஆனா அது இதுவரைக்கும் ஏறின பெரிய மேடு உன் வீட்டு வாசப்படிதான்" என்றேன். அப்பா பேப்பரை மடிக்காமலே, "ரெண்டு பேரும் கத்துறத கத்தி முடிச்சுட்டு எங்கயாவது போய் ஓட்டிப் பாருங்க" என்றார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது, ஏனென்றால் யாரை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்ப்பது என்ற கேள்வி வந்தபோது நோயாளியாகப் படுத்து வர அவரைத்தான் பிடித்தோம். தெருமுனை திரும்பினாலே வாந்தி வருகிற மனிதர், அதற்குத் தகுந்த ஆள்தான்.

மூடிக் கிடக்கிற கல்குவாரிக்குப் போனோம், நம் ஸ்கூல் வண்டிகளைப் பார்க்கிற மெக்கானிக்கும் கூட வந்தார். மேலிருந்து எடைமேடை வரைக்கும் லாரிப் பாதை குன்றைச் சுற்றிச் சுற்றி இறங்குகிறது, இரண்டரைக் கிலோமீட்டர், மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்ததால் அடிவாரத்தில் நாற்பது அடிக்குச் சேறு. முதலில் அந்தச் சேறு. உன் மாமா எல்லா லாக்கையும் போட்டுக்கொண்டு யானை மாதிரி இறங்கினான், பாதியில் நான்கு சக்கரமும் ஒற்றுமையாகச் சுற்றின, ஒற்றுமையாகவே புதைந்தன. டயரில் நெடுஞ்சாலைக்கு அடித்த காற்று அப்படியே கல்லு மாதிரி இருந்தது. நான் இறங்கி என் டயர்களில் காற்றை முப்பத்திரண்டிலிருந்து பதினெட்டுக்குக் குறைத்துக்கொண்டு, ஓரத்தில் புல் பிடித்த பக்கமாக ஒரே சீராகப் போய் அக்கரை சேர்ந்தேன், அங்கிருந்து கயிறு கட்டி அவனையும் இழுத்துப் போட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் உனக்குப் போன் செய்து பெருமை அடித்துக்கொள்ள வேண்டும் என்று கை துறுதுறுத்தது. அடுத்தது ஒரு குறுக்குப் பள்ளம், அதில் அவன் வண்டிக்கு ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கியது, லாக்கைப் போட்டான், தொங்கிய சக்கரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வண்டி ஏறிப் போய்விட்டது. எனக்கும் அதே இடத்தில் சக்கரம் தொங்கிச் சும்மா சுற்றியது, பின்னுக்கு வந்து, இறங்கி நடந்து பார்த்து, நான்கடி தள்ளி வேறு கோட்டில் விட்டு, ஒரு தட்டைக் கல்லையும் வைத்து ஏறினேன். அவனுக்கு அரை நிமிடம், எனக்குப் பதினோரு நிமிடம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பெருமையில் அவன் லாக்கை எடுக்க மறந்து எடைமேடையின் சிமெண்டுத் தரைக்கு வந்து வளைத்தான், வண்டி வளைய மாட்டேன் என்று நேரே போய்க் குவாரிக் காவல்காரரின் நாற்காலியை முட்டிச் சாய்த்தது, நல்லவேளை அவர் எழுந்து நின்றுதான் எங்கள் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, பாத்து ஓட்டுங்க, இருக்கிறது அந்த ஒரு நாற்காலிதான்" என்றார்.

இதுவரைக்கும் நான் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தேன். டயருக்குத் திரும்பக் காற்று அடித்துக்கொண்டு மேலே ஏறினோம், ஏறுவதில் இரண்டு வண்டிக்கும் ஒரு குறையும் இல்லை. மேலே போனதும் மெக்கானிக் கேட்டார், "டீச்சர், உங்க பொண்ணு இறங்குற வழி எவ்வளவு நீளம்?" ஏழு கிலோமீட்டர் என்றேன். "அப்போ மூணு தடவ இறங்குங்க" என்றார். அப்பாவைப் பின் இருக்கையில் படுக்க வைத்தோம், ஆக்சிஜன் சிலிண்டருக்கும் கூட வருகிறவர்களுக்கும் பதிலாக நான்கு மணல் மூட்டை. முதல் கியரில் போட்டுத்தான் இறங்கினேன், ஆனாலும் அந்தச் சரிவில் வண்டி தள்ளிக்கொண்டு ஓடத்தான் பார்த்தது, பிரேக்கில் அடக்கி அடக்கிக் கொண்டுவந்தேன். கீழே வந்ததும் மெக்கானிக் சூடு பார்க்கிற கருவியைச் சக்கரத்துக்கு நேராகக் காட்டினார், நூற்று எழுபது டிகிரி. இரண்டாம் தடவை முந்நூற்றுப் பத்து. மூன்றாம் தடவை கடைசி வளைவுக்கு முன்னால் ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை வந்தது, மிதித்தேன், பெடல் ஈரத் துணியை மிதித்ததுபோல் உள்ளே போனது, வண்டி நிற்கவில்லை. ஸ்டியரிங்கைக் குன்றுப் பக்கம் ஒடித்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் இல்லை, பயப்படாதே, முன் பம்பர் மட்டும் ஒரு பக்கம் தொங்குகிறது. அப்பா இருக்கையிலிருந்து உருண்டு கீழே விழுந்து, அங்கிருந்தபடியே, "நோயாளி இத்தோட நடந்தே போய்க்கிறேன்னு சொல்றார்" என்றார். நான்தான் சிரிக்கவில்லை. போன மாதம் பிரசவ வலியில் இருந்த பெண்ணை மழையில் நீ கீழே கொண்டுவந்ததைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னாயே, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காவது நடுவே ஏறும்போது பிரேக் கொஞ்சம் ஆறியது, உன் வழியில் ஆறுவதற்கு இடமே இல்லை.

உன் மாமா வண்டியில் பின்னாலேயே வந்த மெக்கானிக் இறங்கி ஓடி வந்தார், ஆள் பத்திரம் என்று பார்த்த பிறகு மெதுவாகச் சொன்னார், "டீச்சர், தப்பா நினைக்காதீங்க, மேலேர்ந்து இங்க வரைக்கும் நீங்க ஒரு தடவகூட கால எடுக்கல. சிவப்பு விளக்கு அணையவே இல்ல, பின்னாடியே பாத்துட்டு வந்தேன்." என்னால் நம்ப முடியவில்லை, ஆனால் அவர் பொய் சொல்கிறவர் இல்லை. இருபத்தாறு வருடம் என் பக்கத்திலும் ஒரு பிரேக், கற்றுக்கொள்கிறவர்கள் தடுமாறுவதற்கு முன்பே என் கால் அதன் மேல் இருக்கும், அது பழக்கம் என்றுகூடத் தெரியாத அளவுக்குப் பழகிவிட்டது. ஓட்டுகிறவள் கால் ஒழுங்காக இருந்தால் போதும் என்று உனக்குச் சொன்ன அதே கால். சரி, இறக்கத்துக்கென்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதைப் போட்டிருந்தால் என்று கேட்டேன். "அதுவும் பிரேக்கத்தான் புடிக்குது டீச்சர், உங்களுக்குப் பதிலா கம்ப்யூட்டர் மிதிக்கும். உங்கள விட அளவா மிதிக்கும், சின்னச் சரிவுக்குப் போதும். ஏழு கிலோமீட்டருக்கு சூடு சூடுதான்" என்றார்.

பிறகு உன் மாமா சாவியை நீட்டினான், அவன் வண்டியில் லாக் எதுவும் போடாமல், லோவை மட்டும் போட்டு, அதே மணல் மூட்டைகளோடு அதே சரிவில் என்னையே ஓட்டச் சொன்னார்கள். அப்பா கொஞ்சம் பேரம் பேசிவிட்டு ஏறிப் படுத்தார். "ரெண்டு காலையும் தரையில வை அக்கா, ஒண்ணும் செய்யாத, சும்மா திருப்பிட்டு மட்டும் வா" என்றான் உன் மாமா. சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா, முதல் வளைவு வரைக்கும் என் கால் பிரேக்குக்கு மேலே அந்தரத்திலேயே நின்றது. ஆனால் வண்டி ஓடவில்லை, எஞ்சின் உறுமிக்கொண்டே அதைப் பிடித்து வைத்திருந்தது, ஒரு கிழவர் கைத்தடியோடு இறங்குகிற மாதிரி ஒவ்வொரு கல்லாகத் தொட்டு இறங்கியது. பாதி வழியில் குறட்டைச் சத்தம், திரும்பிப் பார்த்தால் நோயாளி தூங்கிவிட்டார். அந்த வண்டியையும் மூன்று முறை ஏற்றி இறக்கினோம், முடிவில் சூடு எழுபதைத் தாண்டவில்லை. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா. உன் மாமா, "சொன்னேனா இல்லையாக்கா" என்று ஆரம்பித்தான், "பாதி சொன்ன, மீதிப் பாதிய அந்த நாற்காலியக் கேளு" என்றேன், அதோடு இரண்டு பேரும் சமாதானம் ஆகிவிட்டோம்.

ஆகவே முடிவு இதுதான், இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. இரண்டாவது வண்டியை எழுது, லோ உனக்குக் கட்டாயம் வேண்டும், ஏறுவதற்காக அல்ல, சுமையோடு இறங்குவதற்காக. லாக்குக்காக நான்கு மாதம் காத்திருக்காதே, அது இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இறங்கி நடந்து பார்க்கிற பொறுமையும், காற்று அளக்கிற கருவியும், இரண்டு பலகையும், ஒரு மண்வெட்டியும் அதன் வேலையில் முக்கால்வாசியைச் செய்துவிடும், அந்த நான்கு மாதத்தில் எத்தனை பேரை நீ கீழே கொண்டுவர வேண்டியிருக்குமோ. ஆளே இல்லாத பாலைவனத்தில் தனியாகப் போகிறவர்களுக்கும் பாறை மேல் ஏறி விளையாடுகிறவர்களுக்கும் வேறு கணக்காக இருக்கலாம், நான் உன் வழிக்கு மட்டும்தான் சொல்கிறேன். லோவை இறக்கத்தின் நடுவில் போடப் பார்க்காதே, உச்சியிலேயே வண்டியை நிறுத்திப் போட்டுக்கொண்டு கிளம்பு, கிளட்சை மட்டும் மிதித்துவிடாதே, மிதித்தால் பிடித்திருக்கிற கையை நீயே தட்டிவிட்ட மாதிரி. இருக்கை முதுகை உடைக்கும், அதற்கு நான் ஒரு மெத்தை தைத்து அடுத்த லாரியில் அனுப்புகிறேன், நோயாளிக்கு இன்னொன்று, உயரமான ஆளுக்குப் போதுமா என்று அப்பாவையே படுக்க வைத்து அளவெடுத்தாயிற்று. சின்னவனுக்குப் பரீட்சை நடக்கிறது, எழுதிவிட்டேன் என்கிறான், என்ன எழுதினான் என்று கேட்டால் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறான்.

திங்கட்கிழமை காலை ஸ்கூலில் புதிதாக ஒரு தையல்காரர் சேர்ந்தார், ஐம்பது வயது, பக்கத்தில் உட்கார்ந்த உடனே என் கால் பிரேக்குக்குப் போனது, இந்த முறை அதைப் பார்த்தேன். எடுக்கவில்லை, தெருவில் அது அவருக்கு வேண்டும். ஆனால் நீ அந்த மலையில் இறங்குகிற ஒவ்வொரு நாளும் என் கால் இங்கே சமையலறைத் தரையை மிதித்துக்கொண்டுதான் இருக்கும், எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் அது அங்கே வந்து சேராது, அதனால்தான் அந்தக் குட்டிக் கம்பியைக் கேட்கிறேன். நீயும், உன்னை நம்பி வண்டியில் ஏறுகிறவர்களும், ஏறிய நாளெல்லாம் பத்திரமாகக் கீழே வந்து சேர வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசியும் உனக்கு முழுமையாக உண்டு. உறைக்குள் சின்னவனின் அழி ரப்பரில் பாதியை வெட்டி வைத்திருக்கிறேன், பரீட்சை நேரத்தில் பிடுங்கிக்கொண்டேன் என்று முறைக்கிறான். படித்து முடித்ததும் கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன்னால் அந்தப் பென்சில் குறியை அழித்துவிடு.

இப்படிக்கு,
காலைத் தரையில் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கும்
உன் அம்மா