விக்கலுக்கு நான் சொன்ன காரணம்

மரக்காணம், 1977

என் ஆசை அண்ணா,

உனக்கு மகள் பிறந்திருக்கிறாள். மூக்கு அப்படியே உன்னுடையது, பாவம். அண்ணி குழந்தையோடு நம் வீட்டுக்கே வந்துவிட்டார். நீ போய் இரண்டு மாதம் ஆகிறது.

இதயத் துடிப்புக்காக மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் உன் தோலுக்கடியில் சின்ன பேட்டரிப் பெட்டி வைத்து அனுப்பியபோது, இடது கையைத் தூக்காதே, உடம்பில் புதிதாக எது வந்தாலும் உடனே வா என்றார் டாக்டர். நீ கேட்கிற ஆளா? மழைக்கு முன் உப்பை வாரிவிட வேண்டும் என்று மூன்றாவது வாரமே உப்பளத்தில் இறங்கி இரண்டு கையாலும் வாரும் பலகையை இழுத்தாய். அன்று சாயங்காலமே விக்கல் தொடங்கியது.

நாலு நாள் அது விடவில்லை. சோறு இறங்கவில்லை. "செலின், டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாமா?" என்று நீதான் கேட்டாய்.

நான் சிரித்தேன். "விக்கலுக்கா மெட்ராஸ் பஸ் ஏறுவாங்க? பிரசவத்துக்குப் போன அண்ணி அவங்க அம்மா வீட்ல உன்னையே நெனச்சிட்டு இருக்காங்க. தண்ணி குடி, போ."

நீயும் வெட்கப்பட்டுச் சிரித்தாய். மறுநாள் உப்பள வரப்பில் மயங்கி விழுந்தாய். எழுந்திருக்கவே இல்லை.

அடக்கத்தன்று நிறைமாத அண்ணியைத் தேற்ற வழி தெரியாமல், உங்கள் நினைப்புதான் கடைசிவரை அவனுக்கு விக்கலாக வந்தது என்று சொல்லிவிட்டேன். அவர் அதை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பிறகு சேதி சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் முதலில் கேட்டதே, "விக்கல் எடுத்துச்சாம்மா?" என்றுதான். பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயர் இடம் நகர்ந்து, நெஞ்சுக்குக் கீழே இருக்கும் தசையைத் துடிக்க வைத்து விக்கலை வரவழைத்திருக்கலாம்; இதயத்துக்குத் துடிப்பு போய்ச் சேர்ந்திருக்காது. உடனே வந்திருந்தால் சரிசெய்திருக்கலாம் என்றார். எனக்கு ஏன் இந்த வாய், அண்ணா?

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணிக்கு இருக்கிற ஒரே ஆறுதலைப் பிடுங்குவானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது பயம்.

நேற்று குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அண்ணி கேட்டார். "நான் அப்படி விடாம நெனச்சதாலதான் அவரு ஒடம்பு தாங்கலையா, செலின்?"

இல்லை என்றேன். ஏன் இல்லை என்பதை விழுங்கிவிட்டேன். அவர் நம்பவில்லை.

அண்ணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாளைக்கு மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் இந்தக் கடிதத்தை நானே உட்கார்ந்து வாசித்துக் காட்டுவேன். நீ கேட்டதையும் நான் சிரித்ததையும் விழுங்க மாட்டேன். அதற்குப் பிறகு அவர் குழந்தையைத் தொடாதே என்றாலும் கேட்டுக்கொள்வேன்.

உன்னைப் போகவிடாத,
உன் தங்கச்சி செலின்