உறுமிக்கு என் பதில்

என் மகளுக்கு,

நேரில் சொல்ல ஆரம்பித்தால் இருவருமே அழுவோம். அதனால்தான் எழுதுகிறேன்.

கோயிலில் தாலி கட்டும்போது வாசிக்க நாதஸ்வரக்காரரிடம் பேசியாகிவிட்டது. கேக் வெட்டும்போது நீ கேட்ட இங்கிலீஷ் பாட்டே போடட்டும், எனக்குச் சம்மதம். நீயும் மாப்பிள்ளையும் ஹாலுக்குள் வரும்போது உறுமி அடிக்க வேண்டும் என்றாயே, அதற்குத்தான் ஒரு மாதமாக நான் வாய் திறக்கவில்லை.

உறுமி என்றால் நீ நினைப்பது உன் தம்பியின் குழுவைத்தான். அவனைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் அவர்கள்தான் அடித்தார்கள். அன்றிலிருந்து அவனுடைய உறுமி அவன் அறைச் சுவரில் தொங்கியது. வெளியே லாரி போனால் மெல்ல முனகும். நான் எழுந்து போய்த் தோலில் கை வைப்பேன், அடங்கிவிடும். இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

நேற்று அவன் கூட்டாளி தர்மா வந்தான். "வேற குழுவ கூப்பிட்டா அவன் கோவிச்சுக்குவான்லா, ஆன்ட்டி. அவன் உறுமிய குடுங்க, நானே அடிக்கிறேன்" என்றான். தூசி துடைத்து என் கையாலேயே கொடுத்தேன்.

ஆகவே உன் கல்யாணத்துக்கு உறுமி உண்டு.

இன்று காலையிலிருந்து மூன்று லாரி போய்விட்டது. மூன்று முறையும் எழுந்து போய் வெறும் சுவரில் கை வைத்து நின்றேன்.

கல்யாணம் முடிந்த மறுநாளே அதைத் திருப்பிக் கொண்டுவரச் சொல். இனி நீயும் மாப்பிள்ளையின் ஊருக்கு, சித்தியவானுக்குப் போய்விடுவாய். வீட்டில் அந்த ஒரு சத்தமாவது இருக்கட்டும்.

உன் அம்மா