ஓட்டுநருடன் சேர்த்து 2,400 பவுண்டு

அனுப்புநர்
வார்னர் எல். பிரிட்சர்ட்,
வழக்கறிஞர் (ஓய்வு),
83-ஆம் எண் கார் அணியின் பதிவாளர்,
17, எலிவேட்டர் சாலை,
ஆல்டா குரோவ், நெப்ராஸ்கா.

பெறுநர்
திரு. மார்வின் ஓல்செத் அவர்கள்,
தலைமைத் தொழில்நுட்ப ஆய்வாளர்,
சமவெளி மலிவுக்கார் நெடும்பந்தயக் கழகம்,
டி மாய்ன், அயோவா.

பொருள்: 18.10.2025 பத்து மணி நேரப் பந்தயம் – 83-ஆம் எண் கார் – விதி 7(இ)-இன்படி எடைத்தகட்டின் அளவைத் திருத்தவும், அந்த அளவைப் பந்தய நாள் காலையில் எழுதவும் அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1) கழக விதிகள் 7(அ) முதல் 7(ஈ) வரை.
2) 14.06.2025 நாளிட்ட தகுதிநீக்க ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை 2-இல் கண்ட ஆணையை எதிர்த்து இம்மனு எழுதப்படவில்லை என்பதை முதலிலேயே பதிவு செய்ய விரும்புகிறேன். அன்று தராசு சரியாக இருந்தது. விதியும் சரியாகவே கையாளப்பட்டது. பிழை என்னுடையது. அதன் விவரம் பத்தி 5-இல் உள்ளது.

2. விதி 7(அ)-இன்படி, பந்தயம் முடிந்தவுடன், முடிவுக் கொடியைக் கடந்த ஓட்டுநர் இறங்காமல், ஹெல்மெட்டும் உடுப்பும் அணிந்தபடி, தொட்டியில் மிஞ்சிய பெட்ரோலுடன் கார் நிறுக்கப்படுகிறது. எங்கள் பிரிவில் அது 2,400 பவுண்டுக்குக் குறையக்கூடாது. குறையை ஈடுகட்டக் காரின் தரையில் இரும்புத் தகடுகளை முடுக்கலாம். ஆனால் ஆண்டின் தொடக்கத்தில் அறிவித்த அளவில்தான் இருக்க வேண்டும் என்றும், கழகத்தின் முத்திரை அதன்மேல் இருக்க வேண்டும் என்றும் 7(ஆ) கூறுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அணி, கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநரின் முதுகுப்புறம் ஈயக்குண்டு நிரப்பிய தலையணையைச் செருகியதால் வந்த விதி இது. அதை நான் ஆதரித்து வாக்களித்தவன், இன்றும் ஆதரிக்கிறேன்.

3. எங்கள் அணியில் மூவர். திரு. டெல்மர் ஹாக், மாவட்டச் சாலைத்துறையில் சரளைச் சாலைகளைச் சமன்செய்யும் எந்திரத்தை ஓட்டுபவர். காரை ஐந்நூறு டாலருக்கு வாங்கி, தம் கொட்டகையில் வைத்துப் பந்தயத்துக்கு ஏற்றதாக்கியவர். திருமதி ஜோனெல் ரிட்டர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர். மூன்றாமவன் நான். திரு. ஹாக் உருவில் பெரியவர். ஹெல்மெட்டும் உடுப்பும் சேர்த்து அவர் 286 பவுண்டு என்று படிவத்தில் பதிவாகியுள்ளது. எனவே எங்கள் வழக்கம் எளியது: தகடு அறுபது பவுண்டு மட்டும், நானும் திருமதி ரிட்டரும் எட்டு மணி நேரம் இலேசான காரை ஓட்டுவோம், கடைசி இரண்டு மணி நேரம் திரு. ஹாக் ஏறுவார், தராசில் குறைவது அவர் உடம்பால் நிறையும். இது விதிக்கு உட்பட்டதா என்று பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து, எழுத்து மூலம் கழகத்தின் ஒப்புதலும் பெற்றுள்ளேன். (இணைப்பு 1.)

4. இவ்வழக்கத்தைத் தங்கள் தராசு அலுவலர் திருமதி கோனி ப்ளாக் நன்கு அறிவார். மஞ்சள் நிற 83-ஆம் எண் கார் தராசுப் பலகைகளை நோக்கித் திரும்பும்போதே அவர், "எல்லாரும் தள்ளி நில்லுங்க, டெல்மர் வர்றான். ஐயோ என் தராசு!" என்பார். உள்ளே இருந்து திரு. ஹாக், "போன வருஷத்த விட ரெண்டு ஆப்பிள் பை கூடச் சாப்பிட்டிருக்கேன் கோனி, பாத்துக்க" என்பார். எண் தெரிந்ததும் திருமதி ப்ளாக் காரின் கூரையில் இரண்டு தட்டு தட்டி, "சரி, போ" என்று சொல்ல வேண்டும். அதுவரை திரு. ஹாக் இறங்கியதே இல்லை. எங்கள் பிரிவில் நாங்கள் ஒருமுறை நான்காவதாக வந்ததுண்டு. பெரும்பாலும் ஒன்பது, பத்து. ஆனால் பதினோரு ஆண்டுகளில் தராசில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

5. இனி என் பிழை. முப்பத்தொரு ஆண்டுகள் நிலப் பத்திரங்களைச் சரிபார்த்து வந்தவன் நான். அத்தொழிலில் மிகப் பொதுவான தவறு, புதிதாக அளக்காமல், பழைய பத்திரத்தின் எல்லை விவரத்தை அப்படியே பெயர்த்தெழுதுவது. வேலி நகர்ந்திருக்கும், ஓடை திசை மாறியிருக்கும், தாளில் மட்டும் எதுவும் மாறியிருக்காது. இளம் எழுத்தர்களை இதற்காகப் பலமுறை கடிந்துள்ளேன். இவ்வாண்டு மார்ச் மாதம் விதி 7(ஈ)-இன்படி ஓட்டுநர் எடைப் படிவத்தை நிரப்பியபோது, முந்தைய ஆண்டின் தாளைப் பார்த்து 286 என்று எழுதினேன். திரு. ஹாக்கைக் கேட்கவில்லை. அவர் அந்த எண்ணை மட்டும் பார்த்தார், கையொப்பமிட்டார்.

6. அறியாமல் செய்தேன் என்று கூற என்னால் இயலாது. அவர் இடுப்பு வாரில் ஆணியால் குத்திய புதுத் துளைகள் இரண்டு இருந்ததை அன்று பார்த்தேன். மே மாதம் காரில் இருக்கைப் பட்டைகளை இறுக்கிச் சரிபார்த்தபோது, திரு. ஹாக்கின் தோள்மேல் வரும் பட்டை ஒரு முழ நீளம் மிச்சமாகத் தொங்கியது. திருமதி ரிட்டர் அதை மடித்து ஒட்டுநாடாவால் சுற்றினார். சுற்றி முடிக்கும் வரை அவரும் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. ஒரு மனிதரிடம் அவர் மெலிந்திருப்பதைச் சொல்லக் கூச்சப்பட்டோம். கூச்சம் சட்டப்படி ஒரு காரணமாகாது.

7. ஜூன் 14 அன்று வெயில் தொண்ணூற்று நான்கு பாகை பாரன்ஹீட். முன்னணியில் இருந்த இரு கார்கள் எஞ்சின் சூடேறி நின்றன. மாலை நான்கு மணிக்குத் திருமதி ரிட்டர் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது எங்கள் பிரிவில் நாங்கள் இரண்டாமிடம். ஐந்தேகாலுக்குத் திரு. ஹாக் முதலிடத்தைப் பிடித்தார். ஆறு மணிக்குக் கொடியையும் முதலாவதாகக் கடந்தார். எங்களுக்கு அது முதல் முறை.

8. கார் தராசில் ஏறியது. 2,361. முப்பத்தொன்பது பவுண்டு குறைவு. திருமதி ப்ளாக் அன்று வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. காரை இறக்கச் சொல்லி, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி ஏற்றினார். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அதே எண். அவர் குனிந்து சன்னலருகே போய், "டெல்மர், காருக்கு என்ன ஆச்சு? எங்கயாவது கழண்டு விழுந்திருச்சா?" என்று கேட்டார். திரு. ஹாக் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "காருக்கு ஒண்ணும் ஆகல கோனி. நான்தான் கொறஞ்சு போயிட்டேன்" என்றார். வெற்றிக்கான பிஸ்டன் பதித்த பலகை ஏற்கெனவே எங்கள் கூடாரத்துக்கு வந்திருந்தது. அதை அவரே எடுத்துச் சென்று மேசையில் திருப்பி வைத்தார்.

9. முழு உண்மையையும் கழகத்தின்முன் வைப்பது என் கடமை என்பதால் இதையும் கூறுகிறேன். உடுப்பைக் கழற்ற உதவியபோதுதான், அதனடியில் அவர் குளிர்காலக் கம்பளி உள்ளாடை இரண்டு அணிந்திருந்ததைத் திருமதி ரிட்டர் கண்டார். பிற்பகல் இரண்டு மணியிலிருந்து திரு. ஹாக் கூடாரத்தின் பின்னால் அமர்ந்து, இரண்டு பெரிய குடுவைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடித்து முடித்திருந்தார். தண்ணீரோ கம்பளியோ விதிகளால் தடைசெய்யப்படவில்லை, சரிபார்த்துவிட்டேன். திருமதி ரிட்டர் அவரை, "ஏன்யா இப்படிப் பண்ணுன? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னொரு தகட்டுக்கு எழுதிப் போட்டிருப்பமே!" என்று கடிந்தார். அவர், "எழுதணும்னா ஏன்னு சொல்லணுமே" என்றார். அதன் பிறகே சொன்னார்: அவர் உணவுக்குழாயில் கட்டி இருப்பது ஏப்ரலிலேயே தெரிந்திருந்தது. தண்ணீர் விழுங்கவே அப்போது அவருக்குச் சிரமம்.

10. நவம்பர் 4 அன்று ஒமாகாவில் அவருக்கு அறுவை சிகிச்சை நடைபெறவுள்ளது. அதன் பின் பந்தயக் கார் ஓட்டவே கூடாது என்று மருத்துவர் எழுத்து மூலம் தெரிவித்துள்ளார். அக்டோபர் 18 அன்று மட்டும், இறுதி ஒரு மணி நேரம் ஓட்ட அனுமதித்துள்ளார். (இணைப்பு 2.) ஆகவே அந்த ஒரு மணி நேரமே இம்மனுவின் பொருள்.

11. திரு. ஹாக் என்ன விரும்புகிறார் என்பதை நானாக ஊகிக்காமல், இம்முறை அவரையே கேட்டேன். அவர் சொன்னதை மாற்றாமல் தருகிறேன்: "பரிசு கிரிசு எதுவும் வேண்டாம் வக்கீலே. கடைசியா ஒரு வாட்டி காரத் தராசுல ஏத்தி நிப்பாட்டணும். கோனி கூரையில ரெண்டு தட்டு தட்டி, சரி போன்னு சொல்லணும். போன தடவ அவ தட்டல பாரு, அது இன்னும் காதுலயே நிக்குது." தட்டாத ஓசை ஒன்று காதில் நிற்குமா என்று ஓராண்டுக்கு முன் கேட்டிருந்தால், நிற்காது என்றே சொல்லியிருப்பேன். எனக்கும் அது நிற்கிறது.

12. தகட்டைக் கூட்டினால் பகல் முழுவதும் கார் கனமாக ஓடும். இலேசாக ஓடிச் சம்பாதித்து வந்த நேரத்தை இழப்போம். அதற்கு நாங்கள் மூவரும் சம்மதம். திரு. ஹாக் முதலில் மறுத்தார்: "எனக்காக நீங்க ரெண்டு பேரும் ஒம்பது மணி நேரம் ஆமை மாதிரி ஊரணுமா?" திருமதி ரிட்டர், "பதினோரு வருஷமா உன்னாலதான் இலேசா ஓடுனோம். ஒரு நாள் நாங்க சுமந்தா கொறஞ்சா போயிருவோம்? வாய மூடிட்டு உக்காரு" என்றதும் ஒப்புக்கொண்டார்.

13. எஞ்சியிருப்பது ஒரே சிக்கல். விதி 7(இ)-இன்படி, தகட்டின் திருத்திய அளவைப் பந்தயத்துக்கு முப்பது நாள் முன்னதாக எழுதித் தர வேண்டும். அதன் கீழ், கொடியைக் கடக்கவுள்ள ஓட்டுநர் கையொப்பமிட வேண்டும். செப்டம்பர் 13, சனிக்கிழமை, ஆல்டா குரோவ் தீவனக் கடையின் மூட்டைத் தராசில், ஹெல்மெட்டுடனும் உடுப்புடனும் திரு. ஹாக்கை என் முன்னிலையில் எடைபோடச் செய்தேன்: 217 பவுண்டு. கடைக்காரரின் சான்று இணைப்பு 3. இன்றைய நிலவரப்படி குறைவது 53 பவுண்டு. ஆனால் பந்தயத்துக்கு இன்னும் ஐந்து வாரம் உள்ளது.

14. எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய எண் ஒன்றை எழுதிவிடலாமே என்று தாங்கள் கருதலாம். அது நியாயமான கேள்வி. அவ்வாறு எழுத வேண்டுமானால், இந்த ஐந்து வாரங்களில் அவர் இன்னும் எவ்வளவு குறைவார் என்று நான் இன்று கணக்கிட்டு, அந்த எண்ணைத் தாளில் எழுதி, அவர் முன் வைத்து, இதன் கீழ் கையொப்பமிடுங்கள் என்று கேட்க வேண்டும். நான் அதைச் செய்ய மாட்டேன். அவர் எடை கூடவும் கூடும். சூப்பு இப்போது இறங்குகிறது என்கிறார். கூடியிருந்தால் தகட்டைக் குறைத்துக்கொள்வோம்.

15. ஆகவே தாங்கள் கருணையுடன் பரிசீலித்து,

(அ) படிவம் 7-இ-இல் தகட்டின் அளவுக்குரிய இடத்தை நிரப்பாமல் ஏற்றுக்கொள்ளவும்;

(ஆ) அக்டோபர் 18 காலை ஏழு மணிக்குத் தங்கள் தராசிலேயே திரு. ஹாக்கை எடைபோட்டு, தங்கள் அலுவலர் முன்னிலையில் அவ்விடத்தை நிரப்பி, தகட்டுக்கு முத்திரையிடவும்;

(இ) பந்தய முடிவில் எடை குறைந்தால், ஜூன் மாதம் போலவே எந்தச் சலுகையுமின்றி எங்களைத் தகுதிநீக்கம் செய்யவும்

ஆணையிடுமாறு வேண்டுகிறேன். மூன்றாவது வேண்டுகோள் திரு. ஹாக்கின் வற்புறுத்தலால் சேர்க்கப்பட்டது. சலுகையாக வரும் இரண்டு தட்டு அவருக்கு வேண்டாமாம்.

16. முப்பத்தொரு ஆண்டுகளில், வெற்றிடம் உள்ள எந்தத் தாளிலும் நான் கையொப்பமிட்டதில்லை. பிறரையும் இட விட்டதில்லை. நேற்று மாலை இப்படிவத்தை எடுத்துச் சென்றபோது திரு. ஹாக் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்து, "காலியா விட்டிருக்கியே வக்கீலே, ராத்திரி உனக்குத் தூக்கம் வருமா?" என்று சிரித்தார். பிறகு, மார்ச் மாதம் போலன்றி, பேனாவை வாங்கிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை வரிவரியாகப் படித்துவிட்டுக் கையொப்பமிட்டார்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்) வார்னர் எல். பிரிட்சர்ட்

இடம்: ஆல்டா குரோவ்
நாள்: 15.09.2025

இணைப்புகள்:
1. கழகத்தின் ஒப்புதல் கடிதம், 2014 (நகல்).
2. மருத்துவரின் கடிதம்.
3. ஆல்டா குரோவ் தீவனக் கடையின் எடைச் சான்று.
4. படிவம் 7-இ: மூவர் கையொப்பத்துடன்; ஓர் இடம் நிரப்பப்படவில்லை.