ரேடியோவில் நீ வாசித்த அன்று

மாரியூர்
16-7-1963

அன்பு மகன் குருநாதனுக்கு உன் ஆத்தா எழுதிக்கொள்வது. பூவேந்தியநாதர் புண்ணியத்தில் நானும் உன் அய்யாவும் தங்கச்சி ராக்குவும் நல்ல சுகம். நீ சுகமாக இருப்பதை ரேடியோவிலேயே தெரிந்துகொண்டோம், இருந்தாலும் உன் கைப்பட எழுது. அய்யா என்ன சொன்னார் என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, நான் வரிசையாகத்தான் சொல்வேன்.

கடல் தாண்டிப் போய்ப் பார்க்கிற மளிகைக்கடை வேலையை விட்டுவிட்டு பேண்டுக்காரர்களோடு முழுசாகச் சேர்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டு நீ எழுதிய கடிதத்தை அய்யாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். பேஸ் கிட்டார் என்றால் நாலே கம்பி, ஒவ்வொன்றும் தடிமன், பழக ஆரம்பித்து ஐந்து மாதம்தான் ஆகிறது, விரல் நுனியெல்லாம் கொப்புளம் என்று எழுதியிருந்தாய். கொப்புளத்தை உடைக்காதே, தேங்காய் எண்ணெய் தடவு, தானாகக் காய்த்துப்போகும். அய்யா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன் வாசிக்கிறத நான் கேக்கணும். கேட்டாத்தான் சம்மதம். இல்லைன்னா பேசாம வந்து வள்ளத்துல ஏறட்டும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று உனக்குத் தெரியாததா.

ரேடியோவில் வாசிப்பதாக நீ எழுதியிருந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளில் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நம் ஊர் டீக்கடை டிரான்சிஸ்டர் முன்னால் மூவரும் உட்கார்ந்திருந்தோம். பேர் வாசித்தபோது உன் பேரும் வந்தது, ராக்கு துள்ளிக் குதித்து யாருடைய டீயையோ கொட்டிவிட்டாள். பிறகு ஒரு பெண் பாடினாள், ஒருவன் ஊதினான், ஒருவன் கொட்டடித்தான், உன்னை மட்டும் காணோம். இதில் உங்கள் மகன் எது என்று கடைக்காரர் கேட்டார், நான் வெட்கத்தில் அந்தக் கொட்டுதான் என்று பொய் சொல்லிவிட்டேன். அய்யா பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். சும்மா நிற்க வைத்துப் பையனை ஏமாற்றுகிறார்கள், கப்பலேறி வரச்சொல்லி எழுது என்றார். உன் கடிதத்தில் எத்தனை சந்தோஷம் இருந்தது, அதை நினைத்து ஒரு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயல்குடி சுலைகா அக்கா வீட்டில் பினாங்கிலிருந்து வந்த பெரிய மரப்பெட்டி ரேடியோ இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை அங்கே போவோம் என்றேன், அய்யா மாட்டேன் என்றார். அப்படியானால் இந்த வீட்டில் உலை வைக்கமாட்டேன் என்றேன், பஸ் ஏறிவிட்டார். போயும் என்ன, அந்த ரேடியோவிலும் அதே பெண், அதே ஊதல்தான். காதைக் கிட்டே கொண்டுபோகக் குனிந்து ரேடியோப் பெட்டிமேல் கையை ஊன்றினேன். கையில் என்னமோ இடித்தது குருநாதா. கரண்ட் அடிக்கிறது என்று பயந்து கையை உதறிவிட்டேன், சுலைகா அக்கா சிரித்துவிட்டார். திரும்பவும் தொட்டேன். பாட்டுக்கு அடியில், கொட்டுக்கும் அடியில், தும் தும் என்று ஒன்று நடந்துகொண்டே இருந்தது, உன் தடிமன் கம்பிதான். அய்யாவை இழுத்து வந்து தொடச்சொன்னேன்.

தூண்டில் கயிற்றைப் பிடிப்பதுபோல இரண்டு விரலைப் பெட்டி ஓரத்தில் வைத்தார். கயிறு அசைகிற அசைவிலேயே கடிப்பது பாறை மீனா விளமீனா என்று சொல்லிவிடுகிற ஆள் அல்லவா, கண்ணை மூடிக்கொண்டார். நாலு பாட்டு முடிகிறவரை விரலை எடுக்கவில்லை. சுலைகா அக்காவின் வீட்டுக்காரர் சீனி முகம்மது அண்ணன் காபியை நீட்டினார், அதையும் வாங்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, "மூணாவது பாட்டுல ரெண்டு எடத்துல பிந்திட்டான்" என்றார். எங்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை, நீங்கள் குற்றம் கண்டுபிடிக்கிறீர்களே என்று அண்ணன் கேலி செய்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை.

நீ போன இரண்டு வருசமாக அய்யா வள்ளத்தில் உன் இடத்துக்கு ஆள் போடாமல், இருக்கிற ஆளை வைத்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தார், நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நேற்றுக் காலையில் பக்கத்து வீட்டுப் பொன்னுச்சாமியைக் கூப்பிட்டு உன் துடுப்பைக் கொடுத்துவிட்டார். கரைக்கு வந்ததும் என்னிடம், "அவன் அங்கனயே இருக்கட்டும். எழுதிப் போடு" என்றார். எழுதிவிட்டேன் மகனே. உன்னை வரச்சொல்லி எழுத வேண்டியிருக்குமோ என்று பயந்து கிடந்தேன். இப்போது வரவேண்டாம் என்று எழுதும்போது சந்தோஷமும் அழுகையும் சேர்ந்து வருகிறது.

மளிகைக்கடை முதலாளியிடம் முகம் கோணாமல் சொல்லிக்கொண்டு விலகு, இத்தனை நாள் சோறு போட்டவர். பாட்டு, பேண்டு என்று பட்டினி கிடக்காதே. எண்ணெய் தேய்த்துக் குளி. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நீடூழி நன்றாக இருக்கவேண்டும். அடுத்து ரேடியோவில் வருகிற நாளை மறக்காமல் முன்கூட்டியே எழுது. அன்றைக்கு அய்யா கடலுக்குப் போகமாட்டாராம். என்னிடம் சொல்லவில்லை, பொன்னுச்சாமியிடம் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு
உன் ஆத்தா
ம. நாகலெட்சுமி