நீ கேட்டது ஆஸ்பத்திரியைப் பற்றி

லாஸ் மெஸ்கிட்டெஸ், டெக்சாஸ்
அக்டோபர் 14, ஞாயிறு

என் செல்ல மகள் நெரெய்தாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் அப்பாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், பசிக்கிறது, சாப்பிடுகிறோம். நீயும் அந்த வாஷிங்டனில் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் கேட்டால் "எல்லாம் நல்லா இருக்கும்மா, வேலை கிடக்கு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இங்கே நடந்த சிலதை உன்னிடம் மறைத்தேன், இனிமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

அந்த விவாதத்தன்றைக்குக் மாதா கோவில் கூடத்தில் பங்குச் சாமியார் பெரிய டிவி வைத்தார், நாற்பது பேர் வந்தார்கள். ஜனாதிபதி பதவிக்கு நிற்கிற இரண்டு பேருக்கு எதிரே கேள்வி கேட்கிற மூன்று நிருபர்களில் நம் ஊர்ப் பெண், அதுவும் ஸ்பானிஷ் சேனலிலிருந்து ஒருத்தி, என்று ஆளுக்கு ஒரு தட்டு சோளமாவுத் தமாலே அவித்துக் கொண்டுவந்திருந்தார்கள். நீ கேட்டாய், எங்கள் ஊர் ஆஸ்பத்திரியை மூடிப் பதினாலு மாதம் ஆகிறது, நெஞ்சுவலி வந்த என் அப்பாவை அறுபத்திரண்டு மைல் பிக்கப் வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள், இப்படிப்பட்ட ஊர்களுக்கு என்ன செய்வீர்கள் என்று. அந்த இரண்டு பேரில் செனட்டராக இருக்கிறவர் உன் முகத்தைப் பார்த்தார், உன் பேரைப் பார்த்தார், மெக்சிகோ எல்லையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். சுவர், போலீஸ், கள்ளத்தனமாக வருகிறவர்கள். நீ திரும்பவும் "ஐயா, நான் கேட்டது ஆஸ்பத்திரியைப் பற்றி" என்றாய். மறுபடியும் எல்லை. மூன்றாவது தடவை கேட்டபோது, உங்க ஜனங்களுக்கு எல்லையைப் பத்திப் பேசினா கசக்கத்தான் செய்யும் என்று சிரித்தார். நீ சிரிக்காமல், "எங்க ஜனங்களுக்கும் நெஞ்சு வலிக்கும், ஐயா" என்றாய். கூடமே எழுந்து கத்தியது. அடுத்தவர் மட்டும் என்ன, ஸ்பானிஷில் அரைகுறையாக ஒரு வணக்கம் வைத்துவிட்டு அவரும் எல்லைக்கே போனார்.

எல்லோரும் கைதட்டும்போது எனக்கு உன் மேல் கோபம், மகளே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு விஷயத்தை ஊருக்கே, ஊருக்கு என்ன, தேசத்துக்கே சொல்லிவிட்டாளே என்று. அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து எந்தச் சேனலைத் திருப்பினாலும் நீதான். கோட்டு போட்ட நாலு பேர் உட்கார்ந்து நீ மரியாதையாகக் கேட்டாயா, திமிராகக் கேட்டாயா என்று பேசினார்கள். ஒருத்தி உன் பேரை நீயே ஸ்பானிஷ் மாதிரி உருட்டிச் சொன்னது தப்பு என்றாள். உன் பேரை வேறு எப்படிச் சொல்வதாம்? நம் ஆட்கள் சேனலிலும் நீ வீரப்பெண் என்று பாட்டுப் போட்டுக் காட்டினார்களே தவிர ஆஸ்பத்திரி என்ற வார்த்தை ஒருத்தர் வாயிலும் வரவில்லை. வியாழக்கிழமை இன்டர்நெட்டில் யாரோ நம் வீட்டுப் படத்தைப் போட்டு, இவளுடைய அப்பனுக்குக் காகிதம் கிடையாது, திருட்டுத்தனமாக வந்தவன் என்று எழுதிவிட்டார்கள். உன் அப்பா குடிமகனாகி இருபத்திரண்டு வருஷம். அன்றைக்குச் சாயந்திரமே ஒரு வெள்ளை வண்டி எதிரே வந்து நின்றது, இரண்டு பேர் இறங்காமல் செல்போனில் படம் எடுத்தார்கள். மறுநாளும் வந்தது. நான் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். அப்பா தினமும் காலையில் காப்பிக்குப் போகிற கடைக்குப் போகவில்லை, செடிகளுக்குத் தண்ணீர் விடவில்லை. குடியுரிமைக் காகிதத்தைப் பீரோவிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். இதைத்தான் உன்னிடம் மறைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் ஃபெர்மின் மாமா சாப்பிட வந்தான். என் தம்பிதான், ஆனால் அந்தச் செனட்டர் கட்சித் தொப்பியைக் கழற்றாமலே சூப் குடித்தான். "உன் மக நிருபரா, வக்கீலா? பெரிய மனுஷனை மூணு தடவை நிக்கவெச்சுக் கேக்குறா" என்றான். செனட்டர் தோற்றால் தன் எண்ணெய்க் கிணற்று வேலை போய்விடும் என்பது அவன் பயம், அதுவும் பொய்யில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில், "மச்சானை வண்டியில ஏத்திக்கிட்டு அறுபத்திரண்டு மைல் ஓட்டினது யாருடா? நீதானே? அவ கேட்டதுல ஒரு வார்த்தை பொய்யா, சொல்லு" என்று கேட்டுவிட்டேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

திங்கட்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன், நீ திட்டாதே. அபுந்தியோ கந்தூவின் காலை ரேடியோ நிகழ்ச்சியில் ஆளாளுக்குப் போன் செய்து உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தன் நீ அழகு என்கிறான், ஒருத்தன் வாயாடி என்கிறான். நானும் போன் போட்டேன். நாற்பது நிமிஷம் காத்திருந்தேன். லைன் கிடைத்ததும், நான் ஒத்தீலியா, அவளுடைய அம்மா என்றேன். "ஆறு நாளா என் மகளைப் பத்திப் பேசுறீங்க. அவ என்ன கேட்டான்னு உங்கள்ல ஒருத்தருக்காவது ஞாபகம் இருக்கா? ரேடியோக்காரர் நீங்க, உங்களுக்காவது இருக்கா?" என்று கேட்டேன். மனுஷன், "மன்னிச்சுக்குங்க அம்மா, நாங்களும் மறந்துட்டோம்" என்றான். பிறகு வந்தன பார் போன்கள். தெருவோரத்தில் வண்டிக்குள்ளேயே பிள்ளை பெற்றவள், ஆம்புலன்சுக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்து புருஷனைப் பறிகொடுத்தவள், மதியம் வரை ஓயவில்லை. அவர்களில் பாதிப் பேர் செனட்டருக்கு ஓட்டுப் போடுகிறவர்கள்தான்.

நேற்று செனட்டர் மெக்காலன் நகரத்துக்குக் கூட்டம் போட வந்தார். ஃபெர்மின் அந்தத் தொப்பியோடு முதல் வரிசைக்குப் போயிருக்கிறான். கூட்டத்தில் இருந்தவர்களிடம் மைக்கைக் கொடுத்துப் பேசச் சொன்னபோது அவன் கையில் வந்திருக்கிறது. "ஐயா, நான் உங்க ஆளு. எங்க ஆஸ்பத்திரியை எப்போ திறப்பீங்க?" என்று கேட்டிருக்கிறான். அவர் இவன் முகத்தையும் பார்த்தார், எல்லையைப் பற்றிப் பேசினார். சாயந்திரம் ஃபெர்மின் நம் வாசலில் வந்து நின்று, "அக்கா, என் ஓட்டு யாருக்குன்னு கேக்காத, எனக்கே தெரியல. ஆனா அந்தாளு பதில் சொல்லல. என்கிட்டயும் சொல்லல" என்றான். உள்ளே வரமாட்டேன் என்று நின்றவனை அப்பாதான் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

அடுத்த விவாதத்தில் உன்னை உட்காரவைக்கப் போவதில்லை என்று டிவியில் பார்த்தேன். நீ சொல்லவில்லை. வேலையையே எடுத்துவிடுவார்களோ, வழியில் யாராவது உன்னை ஏதாவது செய்துவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. தனியாக ரயிலில் போகாதே. கதவைத் தட்டினால் யாரென்று கேட்காமல் திறக்காதே. இந்தத் தொழிலே வேண்டாம், வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மேடையில் இடம் கொடுக்காவிட்டால் வாசலில் நின்று கேட்கட்டும் என்றார். "அவகிட்ட எழுது, 'எங்க அப்பா'ன்னு சொன்னா போதாது. அடுத்த தடவை என் பேரையே சொல்லச் சொல்லு. எவுசேபியோ பாரியென்தோஸ். முழுசா" என்றார். எனக்குப் பயம் போகவில்லை, ஆனாலும் அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதிவிட்டேன்.

தேவமாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். உள்ளதை உள்ளபடி சொல்ல வாரம் இரண்டு தடவையாவது போன் செய்.

உன்னை நினைத்தே இருக்கும் அம்மா,
ஒத்தீலியா