கூடவே வந்த சுருக்கம்

அக்கா,

நேற்று மகளின் பட்டச் சான்றிதழைச் சட்டம் போடக் கையில் எடுத்தேன். புது மையின் வாசனை. பழக்கம் விடுமா, எழுத்தை விட்டுவிட்டு ஓரத்துப் பின்னலைத்தான் முதலில் பார்த்தேன். ஓரிடத்தில் அது உள்ளே இழுத்துச் சுருங்கியிருந்தது. பார்வையை நகர்த்தினேன், சுருக்கமும் கூடவே வந்தது. வலது கண்ணை மூடினேன். சரியாகிவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் காலத்தில் சுங்கை சோ பக்கத்து அச்சகத்தில் நாம் ஒரே மேசையில் வேலை பார்த்தோம். காசோலைகளிலும் சான்றிதழ்களிலும் பூவிதழ் போல ஒன்றன்மேல் ஒன்று சுற்றிவரும் மயிரிழைக் கோடுகள். யாராவது நகலெடுத்தால் உடைந்து காட்டிக்கொடுக்கும். ஒரு கோடு பிசகினாலும் தாளை ஒதுக்க வேண்டும், அதுதான் நம் வேலை.

ஒருநாள் காலை நீங்கள் தாள்களை ஒதுக்கிக்கொண்டே போனீர்கள். பிறகு ஒன்றை என் பக்கம் தள்ளி, "இங்க சுருங்கியிருக்கா, பாரு" என்றீர்கள். இல்லை என்றேன். அடுத்ததிலும் இல்லை. நீங்கள் ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தீர்கள், பிறகு மற்றதை. முகம் வெளிறிவிட்டது.

வீட்டுக்காரர் இல்லாமல் கெர்லிங்கில் இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தீர்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம், உங்கள் தாள்களையும் நானே பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். நீங்கள் எழுந்து சூப்பர்வைசரிடம் போய், இந்த வாரம் நான் பார்த்ததையெல்லாம் வேறு ஆளை வைத்துத் திரும்பப் பாருங்கள் என்று மலாய் மொழியில் சொன்னீர்கள். திரும்பி வந்து உட்கார்ந்து என்னிடம் சொன்னீர்கள்:

"பயமாத்தான் இருக்கு லா. அதுக்காக நல்லாத் தெரியுதுன்னு சொல்ல முடியுமா?"

உங்களைப் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். பார்வை முழுதாகத் திரும்பவில்லை, முழுதாகப் போகவும் இல்லை. போன வருஷம் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோவதற்குள் இரண்டு பிள்ளைகளின் கல்யாணத்தையும் கண்ணால் பார்த்துவிட்டீர்கள்.

நான் இப்போது கோல சிலாங்கூரில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். எஸ்டேட் பிள்ளைகள், விடியும் முன்னே செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே மண் சாலை. நிறுத்தினால் பெற்றோர் வேறு வேன் பிடித்துக்கொள்வார்கள். டாக்டரைப் பார்க்கும்வரை ஓட்டினால் என்ன என்று மனம் நச்சரித்துக்கொண்டே இருந்தது.

நேற்று சாயங்காலமே பிள்ளைகளின் வீடு வீடாகப் போன் போட்டேன். கண் சரியில்லை, நாளையிலிருந்து ஓட்டமாட்டேன் என்றேன். ஒரு தாய் கோபப்பட்டாள். எப்போது திரும்ப வருவீர்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். எனக்கென்ன தெரியும்?

இன்று மத்தியானம் மகள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறாள். ஊசியை நினைத்தாலே உடம்பு கூசுகிறது. உங்கள் தைரியம் எனக்கு வரவில்லை அக்கா. பயந்துகொண்டே உள்ளதைச் சொல்லிவிடும் பழக்கம் மட்டும் வந்திருக்கிறது.